ரோம மாகாணக் கட்டடத்தை எந்த அடியால் அளப்பது?

கையில் ஒரு தரைப்படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோமப் பேரரசின் ஏதோ ஒரு மாகாணத்தில், ரைன் கரையிலோ லிபியக் கடலோரத்திலோ தோண்டியெடுத்த கட்டடம். அளவுகள் எல்லாம் மீட்டரில் குறித்திருக்கிறார்கள். அதைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக எழுப்பப் போகிறீர்கள், அல்லது அதைக் கட்டிய ஆளின் மனதில் என்ன கணக்கு ஓடியது என்று பிடிக்கப் பார்க்கிறீர்கள். எதுவானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பின்னணிக் கட்டத்தை (கிரிட் கோடுகளை) எத்தனை சென்டிமீட்டருக்கு ஒன்றாக வைப்பது?

"ரோமானிய அடி, 29.6 செ.மீ., இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்றுதான் நானும் தொடங்கினேன். ரோம் நகருக்குள் இருக்கும்வரை பெரிய வம்பில்லை. மாகாணத்துக்குப் போனால் குறைந்தது நாலு வழி முன்னால் நிற்கிறது, நாலுக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருக்கிறது, தப்பானதை எடுத்தால் மாதிரி முழுக்கக் கற்பனையாகிவிடும், அதுவும் பார்க்க ரொம்ப நேர்த்தியான கற்பனை, அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 29.6இல் தொடங்குங்கள். அந்த ஊரில் கிடைத்த ஒரு பொருள் (செங்கல், அளவுகோல், தூண், கல்வெட்டு) வேறு சொன்னால் மாறுங்கள். தரைப்படத்து எண்கள் அழகாக வகுபடுகின்றன என்பதற்காக மட்டும் மாறாதீர்கள். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் வழி, எல்லோருக்கும் தெரிந்த பெஸ் மொனெட்டாலிஸ், அதாவது மொனெட்டா அடி (பெஸ் என்றால் லத்தீனில் அடி). ரோமில் கேப்பிடோலியக் குன்றின் மேல் இருந்த ஜூனோ மொனெட்டா கோவிலோடு சேர்ந்த பெயர். மூல அளவுகோல் அங்கே இருந்ததால் அப்படிச் சொன்னார்கள். சுமார் 29.6 செ.மீ. இதை 16 விரலாகவும் பிரிப்பார்கள், 12 உன்சியாவாகவும் பிரிப்பார்கள். ஒன்றரை அடி ஒரு முழம், 5 அடி ஒரு பாசுஸ், ஆயிரம் பாசுஸ் ஒரு ரோம மைல், 120 அடி ஒரு ஆக்டுஸ். விரலும் முழமும் நமக்குப் பழகிய பேச்சுத்தான், ஆனால் பூக்காரம்மா முழம்போல ஆளுக்கு ஆள் மாறாமல், இவர்கள் வெண்கலத்தில் மடக்குகோல் செய்து கையோடு வைத்திருந்தார்கள். பாம்பெயில் வேருஸ் என்பவரின் பட்டறையில் 1912இல் நில அளவைக்கருவியான குரோமாவின் உலோக பாகங்கள் கிடைத்தபோது அத்தகைய மடக்குகோலும் கிடைத்தது.

இந்த அடியின் பெரிய பலமே அதுதான், இதற்குப் பொருளாகச் சாட்சி இருக்கிறது. செங்கல் பெயர்களைப் பாருங்கள்: பெஸ்ஸாலிஸ் என்றால் மூன்றில் இரண்டு அடி, செஸ்குயிபெதாலிஸ் ஒன்றரை அடி, பிபெதாலிஸ் இரண்டு அடி. பிரிட்டனில் சூடேற்றிய தரைக்கு அடியில் அடுக்கிய குட்டித் தூண்களிலிருந்து மேலே பரப்பிய பெரிய ஓடுகள்வரை இந்தக் குடும்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தூண்களும் அப்படியே. ரோமில் பாந்தியன் கோவில் முகப்பில் நிற்கும் சாம்பல் கருங்கல் தூண்கள் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், மோன்ஸ் கிளாவ்டியானுஸ் என்ற குவாரியில் வெட்டியவை. தண்டு ஒவ்வொன்றும் 40 ரோம அடி, சுமார் 11.8 மீட்டர். எகிப்துக்கென்று சொந்தமாக 52.5 செ.மீ. முழம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்தது, வெட்டிய இடம் அந்த மண், இருந்தும் ஆர்டர் ரோமிலிருந்து வந்தது, அளவும் ரோமிலிருந்தே வந்தது. காசு கொடுப்பவன் கையில்தான் கோல் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பலவீனமும் உண்டு. 29.6 என்பது ஒரு சராசரிதான். 1760இல் மாத்யூ ரேப்பர் என்ற ஆங்கிலேயர் ரோமக் கட்டடங்களின் அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்: பேரரசர் டைட்டஸ் காலத்துக்கு முந்தையவற்றில் அடி லண்டன் அடியில் ஆயிரத்தில் 970 பங்குக்கு மேல், பிற்காலப் பேரரசர்களான செவெருஸ், டயோக்ளீஷியன் காலக் கட்டடங்களில் 965க்கும் கீழே. மில்லிமீட்டரில் சொன்னால் முதலாவது ஏறக்குறைய 295.7, இரண்டாவது 294.1. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 200 அடி நீள மண்டபத்தில் அது 30 செ.மீ. ஆகிவிடுகிறது, அதாவது ஒரு முழு அடி.

இரண்டாவது வழிதான் எல்லோரையும் இழுக்கும் வழி: பெஸ் ட்ரூசியானுஸ், ட்ரூசுஸ் அடி. பேரரசர் அகஸ்டஸின் மனைவி லிவியாவுக்கு முதல் கணவர் மூலம் பிறந்த மகன், கி.மு. 12 முதல் ஜெர்மானியாவில் படை நடத்தி, கி.மு. 9இல் குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் இறந்துபோன ட்ரூசுஸின் பெயர் அதில் இருக்கிறது. நில அளவை பற்றி எழுதிய ஹைஜினஸ், ஜெர்மானியாவில் துங்ரி மக்களிடையே (இன்றைய பெல்ஜியத்தின் டொங்கரன் பக்கம்) ஒரு அடி புழங்குகிறது, அது மொனெட்டா அடியைவிட ஒன்றரை உன்சியா பெரியது என்று குறித்து வைத்திருக்கிறார். 12 உன்சியாவுக்குப் பதில் 13½. கணக்குப் போட்டால் சுமார் 33.3 செ.மீ.

நம்மைப்போல மீட்டரில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு போதை. 10 மீட்டர் அறை என்றால் 30 ட்ரூசுஸ் அடி, 20 மீட்டர் என்றால் 60. பழைய அறிக்கைகளில் அகழ்வாளர்கள் அளவுகளை முழு மீட்டருக்கு, அரை மீட்டருக்கு என்று உருட்டி எழுதியிருப்பார்கள், அந்த உருட்டலே ட்ரூசுஸ் அடிக்கு ஒத்துப்போய்விடும். கட்டியவரின் கணக்கு கிடைத்தது என்று நாம் குதிக்கும்போது உண்மையில் கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு அகழ்வாளரின் பழக்கம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹைஜினஸ் பேசுவது நிலத்தைப் பற்றி. வயலை, பங்கை, எல்லையை அளக்கும் இடத்தில் வருகிற குறிப்பு அது. அதே அடியால்தான் கொத்தனார் சுவரும் எழுப்பினார் என்று அவர் சொல்லவில்லை. அது நாமாகச் சேர்த்துக்கொண்ட ஊகம். நியாயமான ஊகமாக இருக்கலாம், ஆனால் ஊகம்.

சரி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன். ஒரு குளியல் கூடத்தின் படத்தை வைத்து மாதிரி செய்துகொண்டிருந்தேன். பெரிய அறை 10.66 மீட்டர். 0.333ஆல் வகுத்தால் 32.0. துல்லியமாக 32! பக்கத்து அறை 5.33, அது 16. உடனே கட்டத்தை 33.3க்கு மாற்றி, இரண்டு மாதம் அதன்மேலேயே எல்லாவற்றையும் அடுக்கி, படிக்கட்டு, சாளரம், கூரைச் சரிவு என்று கட்டி முடித்தபின் ஒருநாள் சும்மா 0.296ஆல் வகுத்துப் பார்த்தேன். 10.66 என்பது 36. 5.33 என்பது 18. இரண்டுமே முழு எண், இரண்டுமே கட்டடக்காரருக்குப் பிடித்த எண்.

நடந்தது என்னவென்றால், 13½க்கு 12 என்பது 9க்கு 8. எட்டு ட்ரூசுஸ் அடியும் ஒன்பது மொனெட்டா அடியும் ஒரே நீளம். அப்படியென்றால் 18, 36, 45, 90, 135 என ஒன்பதின் மடங்கில் வரும் மொனெட்டா நீளம் எதுவானாலும் ட்ரூசுஸ் அடியில் 16, 32, 40, 80, 120 என்று அழகாகவே வந்து நிற்கும். இந்த நீளங்கள் எதற்கும் சாட்சி ஆகாது. எந்த அடி என்று தீர்மானிக்க வேண்டுமானால் இவற்றை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டில் ஒன்றில் மட்டும் முழு எண்ணாக வரும் நீளங்களைத் தேட வேண்டும். பிரிட்டனில் ரோமானிய நகர மனைகளையும் படைக்கோட்டைகளையும் வைத்து இந்த விவாதம் 1980ஐ ஒட்டிச் சூடாக நடந்தது. 1982இல் மார்ட்டின் மில்லெட் இரண்டு அடிகளையும் பிரித்தறிவதில் உள்ள சிக்கலைப் பற்றியே தனியாக எழுத வேண்டி வந்தது. என் இரண்டு மாதமும் அந்தச் சிக்கலுக்குள்தான் போனது.

ஒரு உண்மைக் கட்டடத்தில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஜெர்மனியில் ட்ரியர் நகரில் பேரரசர் கான்ஸ்டன்டைனின் அரசவை மண்டபம் இருக்கிறது, கி.பி. 310ஐ ஒட்டிக் கட்டியது, இன்று புராட்டஸ்டண்ட் தேவாலயம். ஒற்றை மண்டபம், உள்ளே தூண் கிடையாது, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். வழக்கமாகக் கொடுக்கும் அளவு: நீளம் 67 மீ., அகலம் 26.05 மீ., உயரம் 33 மீ. துங்ரி நாட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை, ஆக ட்ரூசுஸ் அடிக்கு ஆசை வருவது இயற்கை. வகுத்துப் பாருங்கள்: நீளம் 201, உயரம் 99. அட, 200க்கு 100! மொனெட்டா அடியில் 226 சொச்சம், 111 சொச்சம், ஒன்றுக்கும் உதவாத எண்கள். முடிந்தது, ட்ரூசுஸ் அடிதான் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம்.

போகாதீர்கள். 67 என்பது முழு மீட்டருக்கு உருட்டிய எண், அதற்குள் முன்னும் பின்னும் அரை மீட்டர் ஒளிந்திருக்கிறது. அந்த இடைவெளிக்குள் 66.6 இருக்கிறது, அது 200 ட்ரூசுஸ் அடி, அதுவே 225 மொனெட்டா அடியும். ஒன்பதின் மடங்கு, மறுபடியும் அதே வலை. உயரத்தை எடுத்தால் கதை இன்னும் மோசம்: கட்டடம் நடுவில் பாதி இடிந்து, அரண்மனைக்குள் ஒரு துண்டாகிப் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்யர்கள் பெரும்பகுதியைத் திரும்ப எழுப்பினார்கள், 1944இல் குண்டுவீச்சில் எரிந்தது, 1950களில் மறுபடி கூரை போட்டார்கள். எந்தத் தரையிலிருந்து எந்தக் கூரைக்கு 33? அகலம் ஒன்றுதான் சென்டிமீட்டர்வரை சொல்லியிருக்கும் அளவு. அதை வகுத்தால் ட்ரூசுஸில் 78.2, மொனெட்டாவில் 88.0. துல்லியமான ஒரே எண் மறுபக்கம் சாய்கிறது! உடனே மொனெட்டா ஜெயித்தது என்றும் எழுத முடியாது, ஏனென்றால் இது பிற்காலக் கட்டடம், ரேப்பரின் குறைந்த அடியை வைத்தால் அதே 26.05 மீட்டர் 88½ ஆகிவிடுகிறது. தவிர, சுவருக்குச் சுவர் உள்ளகலம் முழு எண்ணாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கயிறு பிடித்தவர் சுவரின் நடுக்கோட்டில் பிடித்தாரா, வெளிமுகத்தில் பிடித்தாரா என்பதைப் பொறுத்தது அது. மூன்று எண்ணில் ஒரு முடிவும் எடுக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கே அளப்பது என்ற கேள்வி பெரிய கட்டடங்களில் இன்னும் கடிக்கும். ஸ்காட்லாந்தில் இஞ்ச்டூட்ஹில் படைக்கோட்டை ஏறக்குறைய 472க்கு 460 மீட்டர். முதல் பக்கம் 1600 மொனெட்டா அடிக்கு (473.6 மீ.) கிட்டத்தில் வருகிறது, சந்தோஷம், அடுத்த பக்கம் 1554, எதிலும் சேராது. மண்மேட்டின் உள்விளிம்பா, வெளிவிளிம்பா, அகழியின் ஓரமா என்று அளக்கும் புள்ளியை இரண்டு மூன்று மீட்டர் நகர்த்தினால் பத்து அடி மாறிவிடும், அப்போது வேண்டிய எண்ணை வரவழைத்துக்கொள்ளலாம். வரவழைத்துக்கொள்ளவும் செய்கிறார்கள்.

மூன்றாவது வழி, ரோமர்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்த அளவு. இதை ஜெர்மானியா விவகாரத்தைவிட நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் இதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில் கி.மு. 9-8இல் ஒரு சந்தை கட்டினார்கள், நடுவில் இரண்டு வட்ட மண்டபங்களோடு. அங்கே ஒரு கல்லில் நீள அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: ரோம அடியும் இருக்கிறது, சுமார் 51.5 செ.மீ. பூனிக் (கார்த்தேஜ் மக்களின்) முழமும் இருக்கிறது. துணி வாங்க வந்தவர் எந்தக் கோலால் அளக்கிறீர்கள் என்று கடைக்காரரோடு தகராறு செய்தால் இங்கே வந்து வைத்துப் பார்க்கலாம் என்ற ஏற்பாடு. கல் வெட்டியது சந்தை கட்டி ரொம்ப காலம் கழித்து என்று சொல்கிறார்கள், அப்படியானால் ரோம ஆட்சி ஊறிப்போன பிறகும் பழைய முழம் சாகவில்லை என்றுதான் அர்த்தம்.

சந்தைக்குக் காசு கொடுத்தவர் அன்னோபால் தபாபியுஸ் ரூஃபுஸ். பெயரிலேயே பாதி பூனிக், பாதி லத்தீன். கி.பி. 1-2இல் அதே ஊரில் நாடகக் கொட்டகையும் கட்டிக் கொடுத்தார், கல்வெட்டு லத்தீனிலும் நவ பூனிக்கிலும் (பூனிக் மொழியின் பிற்கால எழுத்து) இருக்கிறது. காசு உள்ளூர், கல் உள்ளூர், கொத்தனாரும் உள்ளூராகத்தான் இருந்திருப்பார். இந்த ஊரில் கட்டத்தை 51.5க்கு வைத்துப் பார்க்காமல் விடுவது தப்பு. ஆனால் இங்கேயும் ஒரு குழி உண்டு: நாலு பூனிக் முழம் 2.06 மீ., ஏழு மொனெட்டா அடி 2.07 மீ. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தை இரண்டாயிரம் ஆண்டு தேய்ந்த கல்லில் தேட வேண்டியிருக்கும்.

கிழக்கே சிரேனில் (இன்றைய கிழக்கு லிபியா) தாலமி அடி என்று ஒன்று, அதுவும் ஹைஜினஸ் சொன்னதுதான், மொனெட்டா அடியோடு அரை உன்சியா சேர்த்தது, சுமார் 30.8 செ.மீ. முன்பு எகிப்தை ஆண்ட தாலமி அரசர்களுக்குச் சொந்தமாக இருந்த நிலங்களைப் பற்றிய பேச்சில் வருகிறது. 24 தாலமி அடிக்கு 25 மொனெட்டா அடி. சிரேன் பக்கம் வேலை செய்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

நாலாவது வழி, எந்த அடியையும் முன்கூட்டி நம்பாமல் எண்களையே பேசவிடுவது. 1974இல் டேவிட் கெண்டல் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர், பழைய கல்வட்டங்களில் பொது அலகு ஒன்று இருப்பதாக அலெக்சாண்டர் தாம் (Thom) என்ற பொறியாளர் சொன்னதைச் சோதிக்க ஒரு முறை சொன்னார். எல்லா அளவையும் ஒரு அலகால் வகுத்து, மீதி எவ்வளவு என்று பார்த்து, மீதிகளின் கொசைனைக் கூட்டி (முழு எண்ணுக்கு எவ்வளவு கிட்டத்தில் வருகிறதோ அவ்வளவு கூட்டல் பெரிதாகும்), அலகைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போய், எங்கே உச்சம் எழுகிறது என்று வரைவது. பின்லாந்துக்காரர் யாரி பக்கானென் இதைப் பண்டைக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்தார். பத்து வரி நிரலில் எழுதிவிடலாம். கூடவே, கண்டபடி எடுத்த எண்களுக்கும் இப்படி உச்சம் வருமா என்று ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும், பலர் இந்தப் பாதியைச் செய்வதில்லை. என் அனுபவத்தில் பத்துப் பன்னிரண்டு அளவை வைத்து இதை ஓட்டினால் கிடைப்பது ஜோசியம்தான். கல்லுக்குக் கல் மில்லிமீட்டரில் அளந்த நிறைய எண்கள் இருந்தால் அருமையான கருவி, 1:200 படத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த எண்கள் என்றால் வேண்டாம், அதில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடே 10 செ.மீ.

இதே வழியில் இன்னொரு கிளை, அலகையே விட்டுவிட்டு விகிதத்தைப் பார்ப்பது. கட்டடக்கலை பற்றி எழுதிய ரோமர் விட்ருவியஸ் கோவிலைத் தூணின் அடிவிட்டத்தை வைத்துத்தான் பேசுகிறார். கொரிந்தியத் தூண்களில் முழு உயரத்துக்கும் (பீடமும் தலையும் சேர்த்து) தண்டுக்கும் 6:5 என்ற விகிதம் அடிக்கடி வரும். பாந்தியனில் தண்டு 40 அடி, முழுத் தூண் 48. எந்த அடியாக இருந்தாலும் 6:5 மாறாது. தூண் மிச்சமிருக்கிற கட்டடம் என்றால் நான் முதலில் இங்கே போவேன். ஆனால் மாகாணங்களில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முழங்கால் உயரச் சுவர், அல்லது சுவரையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போனபின் மிஞ்சிய பள்ளம்.

எண்கள் வகுபடுவதை ஏன் நம்பக்கூடாது என்றேனே, அதற்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் அளவில் 5 செ.மீ. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிழை இருக்கலாம் என்று வையுங்கள், பழைய சுவருக்கு இது கருணையான எண்ணிக்கை. அப்படியானால் ஏதோ ஒரு நீளம் தற்செயலாக முழு ட்ரூசுஸ் அடியில் வந்து விழ வாய்ப்பு 33.3இல் 10, அதாவது 30 சதவீதம். மொனெட்டா அடியில் 34, தாலமி அடியில் 32, பூனிக் முழத்தில் 19. நாலையும் கையில் வைத்துக்கொண்டு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்வேன் என்று உட்கார்ந்தால், எந்த நீளத்தைக் கொடுத்தாலும் ஏறக்குறைய நாலில் மூன்று தடவை ஏதாவது ஒன்று பொருந்தும். அரை அடியையும் சேர்த்துக்கொண்டால் பொருந்தாத நீளமே அநேகமாக இருக்காது.

ஆகவே பொருள். செங்கல் கிடைத்திருக்கிறதா என்று அறிக்கையில் முதலில் பாருங்கள். பிபெதாலிஸ் 59 செ.மீ. பக்கம் இருந்தால் அந்தச் சூளை மொனெட்டா அடியில் வேலை செய்தது என்று சொல்லலாம், ஒரு எச்சரிக்கையோடு: களிமண் காயும்போதும் வேகும்போதும் பத்து சதவீதம்வரை சுருங்கக்கூடும், 66.6இல் அச்சுப் போட்ட செங்கல் சுருங்கி 60இல் வந்து நின்றால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் ஒரே ஒரு செங்கலை நம்பாமல் சிறியது, நடுத்தரம், பெரியது என்று ஒரு குடும்பமாக எடுத்து, ஓடுகளையும் சேர்த்துப் பாருங்கள். வெட்டிய கல் சுருங்காது, தூண் தண்டும் வாசற்படியும் செங்கலைவிட நல்ல சாட்சி. அப்புறம் யார் காசு கொடுத்தது என்று பாருங்கள்: பேரரசரின் குவாரி, படையணி, ஆளுநர் என்றால் 29.6 பக்கம் சாயுங்கள். லெப்டிஸ் மாதிரி உள்ளூர்ப் பெரிய மனிதர், உள்ளூர் அளவுக்குக் கல்லில் சாட்சி என்றால் அதைப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். ட்ரூசுஸ் அடிக்கு நான் வைக்கும் நிபந்தனை கொஞ்சம் கடுமை. ரைன் பக்கத்துக் கட்டடமாக இருக்க வேண்டும், அளவு சென்டிமீட்டர்வரை எடுத்திருக்க வேண்டும், ஒன்பதின் மடங்குகளை நீக்கிய பிறகும் மிச்ச நீளங்கள் அந்தப் பக்கமே நிற்க வேண்டும். இதுவரை என் கையில் வந்த படங்களில் எதுவும் மூன்றையும் தாண்டவில்லை.

வேலை செய்யும்போது ஒரு விஷயம்: அலகை மாதிரிக்குள் நேரடி எண்ணாக அடிக்காமல் ஒரே இடத்தில் மாறியாக வையுங்கள், சுவர் நீளங்களை மட்டும் அளந்த மீட்டரிலேயே விட்டுவிடுங்கள். நாளைக்கு யாராவது அந்த ஊரிலிருந்து ஒரு மடக்குகோலைத் தோண்டியெடுத்தால் மாற்ற வேண்டியது ஒரு வரிதான். என் குளியல் கூடத்தைத் திரும்பக் கட்ட ஐந்து வாரம் ஆனது, படிக்கட்டு இன்னும் பாக்கி.